மக்காச்சோளத்தில் களைக்கொல்லி: நாளை எண்ணாமல் இலையை எண்ணித் தெளிக்கும் முறை

நிலக்கடலையிலும் கரும்பிலும் கைதேர்ந்த ஒருவர் முதன்முறையாக மக்காச்சோளம் விதைக்கும்போது, அவர் அதிகம் தடுமாறுவது களைக்கொல்லியில்தான் என்பதை அணைக்கட்டு, குடியாத்தம் பக்கத்துக் கொல்லைகளில் பலமுறை கண்டிருக்கிறேன். மருந்துக் கடையில் "இருபதாம் நாள் அடியுங்கள்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். அவரும் நாள்காட்டியில் குறித்து வைத்துக்கொண்டு அதே நாளில் அடிக்கிறார். அதே மருந்து, அதே அளவு, ஒரு கொல்லையில் களையை மட்டும் கொல்கிறது. வரப்புக்கு அந்தப் பக்கம் பயிரையும் சேர்த்து வெளுக்க வைக்கிறது, அல்லது வெளியே எதையும் காட்டாமல் அறுவடையின்போது பாதி மணியில்லாக் கதிரைக் கையில் கொடுக்கிறது. இந்த வேறுபாட்டுக்குப் பெரும்பாலான நேரங்களில் காரணம் தெளித்த அன்று பயிர் எந்த வயதில் இருந்தது என்பதுதான். பயிரின் வயதை நாளால் அளக்க முடியாது. இலையால்தான் அளக்க முடியும்.

வேலூர் மாவட்டத்தின் செம்மண் கொல்லைகளில், கிணற்றுப் பாசனத்தில், 60 செ.மீ. வரிசைக்கும் 25 செ.மீ. செடிக்குமாக வீரிய ஒட்டு மக்காச்சோளம் போடுகிற ஒருவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். தையில் விதைத்தாலும் ஆடியில் விதைத்தாலும் புரட்டாசியில் விதைத்தாலும் முறை ஒன்றே. காலத்துக்குக் காலம் இலை விரியும் வேகம் மட்டும் மாறும்.

பயிர் மருந்தை எப்படித் தாங்குகிறது

மக்காச்சோளத்துக்கு அட்ரசின் என்னும் களைக்கொல்லி ஒத்துப்போகும், நிலக்கடலைக்கு ஒத்துப்போகாது என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் இரண்டு பயிரின் வேர்களும் அந்த மருந்தை உறிஞ்சத்தான் செய்கின்றன. மக்காச்சோளத்தின் இலையில் உள்ள குளுட்டாதையோன் என்னும் பொருள் அட்ரசினோடு பிணைந்து, ஒளிச்சேர்க்கையை நிறுத்தும் அதன் ஆற்றலைப் பறித்துவிடுகிறது. இந்தப் பிணைப்பை விரைவுபடுத்தும் நொதி மக்காச்சோளத்தில் மிகுதியாக உள்ளது. நிலக்கடலைக்கோ குப்பைக்கீரைக்கோ அந்த வேகம் கிடையாது. டெம்போட்ரியோன், ஹாலோசல்பியூரான் போன்ற பிற்கால மருந்துகளைச் சைட்டோகுரோம் பி450 என்னும் வேறொரு நொதிக் குடும்பம் சிதைக்கிறது. ஆகவே, தாங்கும் திறன் என்று நாம் சொல்வது, உள்ளே வந்த மருந்தைப் பயிர் செரிக்கும் வேகத்தைத்தான்.

இதைப் புரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் தாமாக விளங்கும். வயிறு கெட்டிருக்கும் மாட்டுக்கு வழக்கமான தீனியே கேடாவதுபோல, தண்ணீர் தேங்கி வேர் மூச்சு முட்டிக் கிடக்கும் பயிர், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் நாலைந்து நாளாக வெயிலைக் காணாத பயிர், வாடி இலை சுருண்ட பயிர் ஆகியவை வழக்கமான அளவு மருந்தையே செரிக்க முடியாமல் திணறும். அப்படிப்பட்ட நாட்களில் தெளிப்பை இரண்டு மூன்று நாள் தள்ளிப் போடுவதே நல்லது.

இதே காரணத்தால் படைப்புழு மருந்திலும் கவனம் வேண்டும். 2018-இல் படைப்புழு நம் மாநிலத்துக்குள் வந்ததிலிருந்து, மக்காச்சோளத்துக்குப் பதினைந்தாம் நாள் முதலே பூச்சிமருந்து அடிப்பது பழக்கமாகிவிட்டது. குளோர்பைரிபாஸ், புரொபெனோபாஸ் போன்ற பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்துகள் பி450 நொதிகளின் வேலையைத் தடுக்கின்றன. களைக்கொல்லியைச் செரிக்க வேண்டிய நொதி அப்போது முடங்கிக் கிடக்கிறது. ஆகவே, இவற்றை ஹாலோசல்பியூரான் போன்ற சல்பனைல்யூரியா வகைக் களைக்கொல்லியோடும், டெம்போட்ரியோன் போன்ற, இலையை வெளுக்கவைக்கும் வகைக் களைக்கொல்லியோடும் ஒரே டேங்கில் கலக்கவே கூடாது. முன்னும் பின்னும் ஒரு வார இடைவெளி விட வேண்டும்.

இரகமும் கணக்கில் உண்டு. இனிப்பு மக்காச்சோளத்தின் சில வகைகளில் இந்த நொதிக்குரிய மரபணு பழுதுபட்டிருப்பதால், தானிய மக்காச்சோளம் எளிதில் தாங்கும் மருந்தே அவற்றைக் கொன்றுவிடும். பேருந்து நிலையத்திலும் கோட்டை வாசலிலும் வேகவைத்து விற்பதற்காக இனிப்புச் சோளம் போடுகிறவர்கள், விதைப் பையோடு வரும் குறிப்பைப் படிக்காமல் எந்தக் களைக்கொல்லியையும் தொட வேண்டாம்; முதலில் நாலு சாலில் மட்டும் அடித்துப் பார்ப்பது பாதுகாப்பானது.

முதற்படி: இலையை எண்ணப் பழகுங்கள்

செடியின் அருகில் உட்கார்ந்து பாருங்கள். இலையின் அகன்ற பகுதி, தண்டைச் சுற்றியிருக்கும் உறையோடு சேருமிடத்தில் வெளிறிய ஒரு பட்டை தெரியும். இதை இலைக்கழுத்து என்று வைத்துக்கொள்வோம். கழுத்து முழுமையாக வெளியே தெரிகிற இலைகளை மட்டும் எண்ண வேண்டும். குருத்துக்குள் சுருண்டிருக்கும் இலைகளைச் சேர்க்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் கீழே, நுனி கூர்மையாக இல்லாமல் உருண்டு மழுங்கியிருக்கும் சின்ன இலைதான் முதல் இலை. அங்கிருந்து தொடங்குங்கள். நான்கு கழுத்து தெரிந்தால் அது நான்கு இலைப் பருவம். அந்தச் செடியை நின்றபடி பார்க்கிறவர் ஆறு, ஏழு இலை என்றுதான் சொல்வார். மருந்துச் சீட்டில் "3 முதல் 4 இலை" என்று இருப்பதைப் பலர் தவறாகக் கணக்கிடுவது இங்கேதான்.

ஒரு செடியை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். கொல்லையின் நான்கு மூலையிலும் நடுவிலுமாக, இடத்துக்கு ஐந்து செடி எண்ணுங்கள். மேட்டுப் பக்கமும் பள்ளத்துப் பக்கமும் ஓர் இலை வேறுபடுவது இயல்பு. மூத்த செடியின் கணக்கையே தெளிப்புக்குக் கொள்ள வேண்டும், ஏனென்றால் சேதம் முதலில் அதற்குத்தான் வரும். ஐந்தாறு இலைக்குப் பிறகு அடியிலைகள் காய்ந்து உதிரத் தொடங்குமாதலால், அதற்கு முன்பே சில செடிகளின் ஐந்தாவது இலையில் மைப்பொட்டு வைத்து விடுவது என் வழக்கம்.

நம் ஊர் வெயிலில் விதைத்த ஐந்தாறு நாளில் முளை மண்ணைப் பிளந்து வரும். அதன்பின் தோராயமாக இரண்டரை, மூன்று நாளுக்கு ஓர் இலை விரியும். சித்திரையில் விதைத்த பயிர் இருபதாம் நாளிலேயே ஆறு கழுத்தைத் தொட்டுவிடக்கூடும். தை மாதத்து இரவுக் குளிரில் அதே இருபதாம் நாளில் நான்கு கழுத்தோடு நிற்கும். "இருபதாம் நாள்" என்ற ஒரே சொல் இரண்டு வேறு பயிர்களைக் குறிக்கிறது என்பதை இதிலிருந்து காணலாம்.

இரண்டாம் படி: விதைத்த மூன்றாம் நாள்

பயிருக்கு மிகவும் பாதுகாப்பான தெளிப்பு, அது மண்ணுக்கு மேலே வருவதற்கு முன் தெளிப்பதுதான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை, அட்ரசின் 50 சதவீத நனையும் தூளை எக்டேருக்கு 500 கிராம், அதாவது ஏக்கருக்கு 200 கிராம், விதைத்த மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் தெளிப்பது. மண்ணில் ஈரம் இருக்க வேண்டும். உலர்ந்த புழுதியின்மேல் தெளித்த அட்ரசின் அங்கேயே கிடக்கும், முளைக்கும் களையின் வேரை எட்டாது. கால் பட்டால் மருந்துப் படலம் கிழியுமாதலால் பின்னோக்கி நடந்து தெளியுங்கள்.

செம்மண், மணற்பாங்கான மண், கரிமம் குறைந்த மண் ஆகியவற்றில் மருந்து மண்துகளோடு ஒட்டிக்கொள்ளாமல் தண்ணீரோடு இறங்கி விதைக்கே போய்விடும். பாலாற்றங்கரையை ஒட்டிய மணல் கொல்லைகளில் இது உண்மையான அபாயம். மருந்து நன்றாக வேலை செய்ய வேண்டும் என்று மேலே சொன்ன அளவைக் கூட்டுவதை அங்கே அறவே தவிர்க்க வேண்டும். தெளித்தவுடன் வெள்ளமாகத் தண்ணீர் பாய்ச்சுவதும் கூடாது.

ஊடுபயிராகத் தட்டைப்பயறோ உளுந்தோ போடுவதாக இருந்தால் அட்ரசின் கூடாது. அப்போது பெண்டிமெத்தலின் 30 சதவீத மருந்தை எக்டேருக்கு 3.3 லிட்டர், ஏக்கருக்கு ஏறத்தாழ 1.3 லிட்டர், மூன்றாம் நாள் தெளிக்கலாம். ஆனால் பெண்டிமெத்தலின் தொட்ட வேர்முனை தடித்து, கிளைவிடாமல் கட்டையாக நின்றுவிடும். மக்காச்சோளம் அதிலிருந்து தப்புவது ஆழத்தால் மட்டுமே: மருந்து மேல்மண்ணில் தங்குகிறது, விதை அதற்குக் கீழே இருக்கிறது. விதையை 4 செ.மீ. ஆழத்தில் ஊன்றி மண்ணை நன்றாக மூடியிருந்தால் மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். மேலாக விழுந்த விதைகள் இந்த மருந்தில் பிழைக்காது.

மூன்றாம் படி: மூன்று கழுத்திலிருந்து ஐந்து கழுத்துக்குள்

மழையினாலோ ஆள் கிடைக்காததாலோ முதல் தெளிப்பு தவறியவர்களுக்கும், சாரணையும் கோரையும் அதையும் மீறி வந்தவர்களுக்கும் இதுவே பொன்னான வேளை. பயிரின் வளர்முனை இன்னும் மண்ணுக்குக் கீழே இருக்கிறது. இலையில் காயம் பட்டாலும் உள்ளிருந்து புது இலை வரும். களையும் அப்போது சிறியது, இரண்டு முதல் நான்கு இலை. இந்த இரண்டும் ஒரே சமயத்தில் பொருந்தி நிற்பது ஏழெட்டு நாட்கள்தான்.

டெம்போட்ரியோன் 34.4 சதவீதத் திரவத்தை ஏக்கருக்கு 115 மில்லி, மருந்து இலையில் ஒட்டிப் பரவுவதற்காக அதனுடன் தரப்படும் ஒட்டுத்திரவத்தோடு சேர்த்துத் தெளிக்கலாம். புல்லையும் அகன்ற இலைக் களையையும் சேர்த்துக் கட்டுப்படுத்துவது இதன் சிறப்பு. பயிரைக் காப்பதற்காக ஐசாக்சடிபென் என்னும் காப்புப் பொருள் இதில் கலக்கப்பட்டுள்ளது. பயிரின் செரிக்கும் நொதிகளைத் தூண்டி விடுவதுதான் அதன் வேலை. டோப்ரமிசோன் 33.6 சதவீதம் ஏக்கருக்கு 30 மில்லி. இதற்கும் ஒட்டுத்திரவம் தேவை. இரண்டும் களையின் இலையிலுள்ள பச்சையத்தைக் காக்கும் நிறமிகளை உண்டாகாமல் தடுப்பதால், களை வெள்ளைத்தாள்போல வெளுத்துச் சாகும். பயிரிலும் குருத்திலைகளில் இங்கொன்றும் அங்கொன்றுமாக வெளுப்பு தோன்றலாம். ஒரு வாரம், பத்து நாளில் அது மறைந்துவிடும். புதிதாக விரியும் இலை பச்சையாக வருகிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

கோரை மட்டுமே பெருந்தொல்லை என்றால் ஹாலோசல்பியூரான் 75 சதவீதக் குருணை ஏக்கருக்கு 36 கிராம். கோரை மூன்று முதல் ஐந்து இலையில் இருக்கும்போது அடித்தால் கிழங்குவரை இறங்கும். கையால் பறித்த கோரை நாலு நாளில் திரும்ப வருவதைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் வளர்ச்சிக்கான அமினோ அமிலத்தை உண்டாக்கும் நொதியையே இது தடுப்பதால், பின்னர் சொல்லப்போகும் கதிர்ச் சேதத்துக்கும் இந்த வகை மருந்தே முதன்மையான காரணம். ஐந்து கழுத்தைத் தாண்டிய பிறகு பயிரின் மேலாக இதை அடிக்காதீர்கள்.

வேலூர் வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. பங்குனியிலிருந்து ஆனிவரை, காலை பத்து மணிக்குமேல் ஒட்டுத்திரவம் கலந்த எந்த மருந்தையும் தெளிக்காதீர்கள். சூடேறிய இலையில் ஒட்டுத்திரவமே தீப்புண் போன்ற புள்ளிகளை உண்டாக்கும். விடியற்காலைப் பனி காய்ந்தபின் தொடங்கி ஒன்பதரைக்குள் முடிப்பது என் வழக்கம்.

2,4-டி மருந்தும் ஒரு சாண் உயரமும்

அகன்ற இலைக் களைக்கு 2,4-டி சோடியம் உப்பு 80 சதவீதம் ஏக்கருக்கு 500 கிராம் என்ற அளவில் 20 முதல் 25 நாளுக்குள் தெளிப்பது பழைய, விலை குறைந்த முறை. இதன் பலன் உண்மையானது. இதன் ஆபத்தும் உண்மையானது. இது வளர்ச்சி ஊக்கியைப் போல நடிக்கும் மருந்து. மக்காச்சோளம் சிறியதாக இருக்கும்போது இதை விரைவில் செரித்துவிடுகிறது. ஒரு சாண் உயரத்தைத் தாண்டி, தண்டு நீளத் தொடங்கிய பிறகு, குருத்துக்குள் விழும் மருந்து தண்டின் கணுக்களை எட்டுகிறது. அங்கே திசுக்கள் ஒழுங்கின்றிப் பெருகித் தண்டு கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை பெறுகிறது. ஒன்று, இரண்டு வாரத்தில் இந்த நொறுங்குந்தன்மை தணியும். அதற்குள் காற்று வந்தால் பயிர் நிற்காது.

எங்கள் குடும்பத்துக் கொல்லையிலேயே இதைப் பார்த்தோம். இருபத்தைந்தாம் நாள் என்ற கணக்கில், முழங்கால் உயரம் வந்துவிட்ட பயிருக்கு மேலாகவே தெளித்தோம். மூன்றாம் நாள் மாலை கோடை இடியோடு காற்று அடித்தது. மறுநாள் காலையில் போனபோது, வளைந்து படுத்த பயிரைத்தான் எதிர்பார்த்தோம். வளைந்தது எதுவும் இல்லை, அடிக்கணுவில் முறிந்து கிடந்தது. நின்ற செடிகளிலும் இலைகள் விரியாமல் வெங்காயத்தாள்போல் உருளையாகச் சுருண்டிருந்தன. பிறகு வந்த தாங்கு வேர்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பறவைக் கால்போல் வளைந்து, மண்ணில் இறங்காமலே நின்றன. நாளைத் தவிர வேறெதையும் நாங்கள் பார்க்கவில்லை என்பதே அன்றைய தவறு.

ஆகவே, நாள் எதுவாக இருந்தாலும் செடியின் உயரத்தை ஒரு சாண் வைத்து அளந்து பாருங்கள். அதற்குள் இருந்தால் மேலாகத் தெளிக்கலாம். தாண்டியிருந்தால், தெளிப்பான் முனையில் குடைபோன்ற மூடியைப் பொருத்தி, வரிசைகளுக்கு நடுவே, குருத்தில் படாமல் தெளியுங்கள். ஆண்பூ வெளிவரும் பருவத்திலிருந்து மணி கெட்டிப்படும்வரை 2,4-டி எந்த முறையிலும் கூடாது. மகரந்தமும் மணிப்பிடிப்பும் கெடும்.

ஆறு கழுத்துக்குப் பிறகு உள்ளே நடப்பது

ஐந்து, ஆறு கழுத்து தெரியும் சமயத்தில் வளர்முனை மண்மட்டத்துக்கு மேலே வருகிறது. நமக்குத் தெரியாமல், முழங்கால் உயரச் செடியின் உள்ளே ஆண்பூவின் கருவும் கதிர்களின் கருவும் அப்போதே உருவாகிவிட்டன. ஏழு, எட்டுக் கழுத்தின்போது கதிரைச் சுற்றி எத்தனை மணிவரிசை வரும் என்பது முடிவாகிறது. பன்னிரண்டிலிருந்து பதினைந்து கழுத்துக்குள் ஒரு வரிசையில் எத்தனை மணி என்பதும் முடிவாகிறது. அறுவடையில் எண்ணப்போகும் மணி அனைத்தும் இந்த நாட்களில்தான் தீர்மானிக்கப்படுகிறது.

இந்த வேளையில் சல்பனைல்யூரியா வகை மருந்து மேலாகப் பட்டால், பயிர் சாவதில்லை, இலை பெரிதாக மஞ்சளாவதுமில்லை. கதிர் மட்டும் கிள்ளிவிட்டதுபோல் ஆகும்: அடியில் பதினாறு வரிசையாகத் தொடங்கிப் பாதியில் எட்டாகக் குறுகும். எது தவறு என்று தெரியாமல் விதையைக் குறைசொல்பவர்கள் பலர். ஒட்டுத்திரவமும் இங்கே குற்றமற்றதன்று. பத்திலிருந்து பதினான்கு கழுத்துக்குள், பூ வருவதற்குச் சற்று முன்பாக ஒட்டுத்திரவம் கலந்து தெளித்ததால் கதிர் வளர்ச்சி பாதியில் நின்றுபோனதை அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் ஆய்ந்து காட்டியுள்ளனர். படைப்புழுவுக்காக அந்தப் பருவத்தில் பூச்சிமருந்து அடிக்கும்போது, "நல்லா ஒட்டட்டும்" என்று ஒட்டுத்திரவத்தைச் சேர்க்கும் வழக்கம் நம்மிடம் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஆறு கழுத்துக்குப் பிறகு களை இருந்தால் களைக்கொத்தும் மண் அணைப்பதுமே சரியான வழி. விதைத்ததிலிருந்து முப்பது, நாற்பத்தைந்து நாள்வரை களையில்லாமல் காத்துவிட்டால், அதன்பின் பயிரின் நிழலே பெரும்பகுதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியைப் பற்றித் தெளிவாகச் சொல்ல வேண்டும். அதைத் தாங்கும் மரபணு மாற்ற மக்காச்சோளம் அமெரிக்காவில் 1998 முதல் பயிரிடப்படுகிறது. இந்தியாவில் அதற்கு அனுமதி இல்லை. உங்கள் கொல்லையில் இருப்பது அதைத் தாங்காத பயிர். ஓரிரு துளி காற்றில் வந்து குருத்தில் விழுந்தாலும் குருத்து வெளுத்து, சிவந்து, பத்து நாளில் மெல்லச் சாகும். 2022 அக்டோபரில் மத்திய அரசு கிளைபோசேட்டைப் பூச்சிக்கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் மட்டுமே பயன்படுத்தலாம் என்றும் கட்டுப்படுத்தியுள்ளது. பாராகுவாட் என்னும் களைக்கொல்லி பட்ட இடத்தை மட்டுமே கருக்கும் என்பதால் பயிர் பிழைத்துக்கொள்ளும். ஆனால் மனித உடலுக்குள் போனால் அதற்கு மாற்றுமருந்து இல்லை. குழந்தைகள் நடமாடும் வீட்டில் அதை வைத்திருப்பதை நான் ஏற்பதில்லை.

தெளிப்பானும் ஒரு சென்ட் கணக்கும்

பயிர்ச் சேதத்தில் பெரும்பங்கு, மருந்தின் தேர்வைவிட அளவின் பிழையால் வருகிறது. "டேங்குக்கு இத்தனை மில்லி" என்று கடையில் சொல்வது, நீங்கள் ஏக்கருக்கு எத்தனை டேங்க் அடிப்பீர்கள் என்பதைத் தெரியாமல் சொல்வது. மெதுவாக நடப்பவர் ஏக்கருக்கு முப்பது டேங்க் அடிப்பார், வேகமாக நடப்பவர் பதினான்கோடு முடிப்பார். முன்னவரின் பயிருக்கு இரட்டிப்பு மருந்து போய்ச் சேர்கிறது.

எளிய அளவீடு ஒன்று உண்டு. 8 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலத்தில் நான்கு முளை அடியுங்கள். இது ஏறத்தாழ ஒரு சென்ட். டேங்கில் 5 லிட்டர் வெறும் தண்ணீர் ஊற்றி, வழக்கமான நடையில் அந்த இடத்தை நனைத்துவிட்டு, மிச்சத்தை அளந்து பாருங்கள். செலவான தண்ணீரை 100-ஆல் பெருக்கினால் அதுவே உங்கள் ஏக்கர் கணக்கு. 2 லிட்டர் செலவானால் ஏக்கருக்கு 200 லிட்டர். 10 லிட்டர் டேங்கில் 20 டேங்க். ஏக்கருக்குரிய 200 கிராம் அட்ரசினை 20-ஆல் வகுத்தால் டேங்குக்கு 10 கிராம். 16 லிட்டர் பேட்டரி தெளிப்பானுக்கு 16 கிராம். தெளிக்கும் ஆள் மாறினால் இந்தக் கணக்கையும் திரும்பப் போட வேண்டும்.

களைக்கொல்லிக்குத் தட்டையாக விசிறிபோல் பீச்சும் முனையே ஏற்றது. பூச்சிமருந்துக்கான கூம்பு முனை நுண்துளிகளைக் காற்றில் பறக்கவிடும். கையை இடமும் வலமும் வீசாமல், முனையை ஒரே உயரத்தில் பிடித்து நேராக நடங்கள். சால் முனையில் திரும்பும்போது பீச்சலை நிறுத்துங்கள். வரப்போரம் திரும்பும் இடத்தில் இரண்டு முறை பட்ட பயிர்தான் எப்போதும் முதலில் வெளுக்கிறது.

2,4-டி-க்கென்று தனித் தெளிப்பான் வைத்திருப்பது மிகவும் நல்லது. டேங்கின் இரப்பர்க் குழாயில் ஒட்டியிருக்கும் மிச்சமே பருத்தியையும் தக்காளியையும் சுருட்டிவிடும். நம் பகுதியில் இன்னொன்றையும் நினைக்க வேண்டும்: 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் அணைக்கட்டுப் பக்கத்துக் கொல்லைகளில் விளைகிறது. கத்திரி இந்த மருந்தை அறவே தாங்காது. பக்கத்துக் கொல்லையில் கத்திரியோ பருத்தியோ வெற்றிலையோ இருந்தால், எளிதில் ஆவியாகிப் பரவும் எஸ்டர் வகை 2,4-டி-யைத் தொடவே வேண்டாம். சோடியம் உப்பையும் காற்றில்லாத காலையில், அந்தப் பக்கம் பத்துச் சால்களை விட்டுவிட்டு அடியுங்கள். அண்ணன் தம்பி கொல்லையானாலும் முன்கூட்டிச் சொல்லிவிட்டு அடிப்பது முறை. டேங்கை முதலில் தண்ணீராலும், பிறகு சலவைச் சோடா கரைத்த தண்ணீரை ஓரிரவு ஊறவைத்தும் கழுவுங்கள். கழுவிய நீரைக் கிணற்றோரமோ ஏரிக் கால்வாயிலோ கொட்டாதீர்கள்.

தெளித்த கொல்லையில் புல் அறுத்து மாட்டுக்குப் போடுவதை, சீட்டில் உள்ள காத்திருப்புக் காலம் முடியும்வரை நிறுத்த வேண்டும். கறவை மாடுள்ள வீடுகளில் இதைப் பெண்களிடம் தனியாகச் சொல்லுங்கள். புல் அறுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான், மருந்தடித்த நாள் அவர்களுக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

சேதம் தெரிந்தால்

முதலில் அது மருந்தால் வந்ததுதானா என்று உறுதி செய்யுங்கள். அட்ரசின் அதிகமானால் அடியிலைகளின் நுனியும் ஓரமும் மஞ்சளாகிக் கருகும். வெளுக்கவைக்கும் வகையில் குருத்திலை வெண்மையாகும். சல்பனைல்யூரியாவில் குருத்திலையின் குறுக்கே மஞ்சள் பட்டையும், நரம்பில் செந்நீலமும், குட்டை வேரும் தெரியும். துத்தநாகக் குறைபாட்டிலும் இளம் இலையின் அடிப்பகுதியில் வெண்பட்டை வரும் என்பதால் பலர் ஏமாறுகிறார்கள். அடிச்சாம்பல் நோயிலும் இலை வெளிறிக் கோடு கோடாகும், ஆனால் காலையில் இலையின் அடிப்புறத்தில் வெண்பூஞ்சை படிந்திருக்கும். ஐயமிருந்தால் கொல்லையை மேட்டிலிருந்து பாருங்கள். மருந்துச் சேதம் தெளிப்பவர் நடந்த வழியில், சால் சாலாக, புது டேங்க் தொடங்கிய இடத்திலும் திரும்பிய இடத்திலும் அடர்ந்து இருக்கும். நோயும் குறைபாடும் அப்படி நேர்கோட்டில் வருவதில்லை.

அடுத்து, நாலைந்து செடியை வேரோடு பிடுங்கி, கத்தியால் தண்டை நெடுகப் பிளந்து பாருங்கள். வளர்முனை வெண்மையாகக் கெட்டியாக இருந்தால் செடி பிழைக்கும். பழுப்பாகிக் குழைந்திருந்தால் பிழைக்காது. பிழைக்கும் என்று தெரிந்தால் ஐந்து முதல் ஏழு நாள் எதுவும் செய்யாமல் புதிய இலைக்குக் காத்திருங்கள். மண் ஈரத்தைச் சீராக வைப்பதும், தேங்கிய தண்ணீரை வடிப்பதும், உரிய தவணை யூரியாவைத் தள்ளாமல் இடுவதும் போதும். கடையில் தரும் "மீட்பு டானிக்" எதுவும் பயிருக்குள் சென்ற மருந்தை வெளியே எடுப்பதில்லை. அதைச் செய்வது பயிரின் நொதிகளே. அந்த ஒரு வாரத்தில் வேறு எந்த மருந்தையும் மேலே அடிக்காதீர்கள்.

அழித்து மறுபடி விதைப்பதா என்ற கேள்விக்கும் ஒரு சென்ட் கணக்கு உதவும். நம் இடைவெளியில் ஒரு சென்ட்டில் ஏறத்தாழ 267 செடி இருக்க வேண்டும். உயிருள்ளவை 200-ஐ ஒட்டிப் பரவலாக நின்றால், அந்தப் பயிரையே வளர்ப்பதில் நட்டம் குறைவு. பாதிக்கும் கீழே, திட்டுத் திட்டாக வெறுமையாக நின்றால் மட்டும் மறுவிதைப்பை நினைக்கலாம். அட்ரசின் தெளித்த நிலமாக இருந்தால் அங்கே மறுபடி மக்காச்சோளமோ சோளமோதான் போட வேண்டும். அட்ரசின் மண்ணில் பாதியாகக் குறையவே இரண்டு மாதம்வரை ஆகும் என்பதால், வறண்ட பருவத்தில் அடுத்ததாக நிலக்கடலையோ கத்திரியோ போட எண்ணுபவர்கள், கொல்லையின் ஒரு மூலையில் கைப்பிடி விதையைத் தூவி, இரண்டு வாரம் அது பச்சையாக வளர்கிறதா என்று பார்த்துவிட்டு உழவைத் தொடங்கலாம். படம் எடுத்துக்கொண்டு, பிடுங்கிய செடியையும் மருந்துச் சீட்டையும் கையோடு எடுத்துச் சென்றால், விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் நேரில் காட்டிக் கேட்கலாம்; செடியில்லாமல் சொல்லும் வருணனையை வைத்து எவராலும் சரியாகச் சொல்ல முடியாது.